பென்டிரைவுக்கு ஒரு தனி வாட்ச்மேன்: வேணுமா, வேணாமா?

போன மாசம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க அப்பா ரொம்ப வருஷமா ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துறார். கடையில மூணு கம்ப்யூட்டர். காலையில ஷட்டர் தூக்கினதுல இருந்து ராத்திரி வரைக்கும் யார் யாரோ வந்து பென்டிரைவ் சொருகுறாங்க. காலேஜ் ப்ராஜெக்ட், வக்கீல் ஆபீஸ் பத்திரம், கல்யாணப் பத்திரிகை டிசைன், எல்லாம். கொஞ்ச நாள் முன்னாடி ஒருத்தர் கடைக்கு வந்து, "உங்க ஆன்டிவைரஸ் இதுக்கெல்லாம் பத்தாது சார். யுஎஸ்பிக்குன்னே தனியா ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, மெஷினுக்கு வருஷத்துக்கு இவ்வளவு"ன்னு சொல்லியிருக்கார். அப்பா பாதி சம்மதிச்சுட்டார்.

அவர் சம்மதிச்சதுக்குக் காரணம் இருக்கு. ரொம்ப நாளைக்கு முன்னாடி, ஆய்வேட்டை பிரிண்ட் எடுக்க வந்த ஒரு மாணவியின் பென்டிரைவில் இருந்த ஃபோல்டர் எல்லாம் இவர் கடையில சொருகினதுக்கு அப்புறம் காணாமப் போயிடுச்சு. அந்தப் பொண்ணு கடை வாசல்லயே உட்கார்ந்து அழுதது அவருக்கு இன்னும் மறக்கல. "அண்ணா, இதை வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று நேயர் கேட்டிருந்தாங்க.

ஒரே வார்த்தையில சொல்லலாம்தான். ஆனா அந்த வார்த்தை 2008இல் ஒண்ணு, இன்னைக்கு வேற ஒண்ணு. நடுவுல என்ன ஆச்சுங்கறதுதான் இந்த எபிசோடு.

ஃப்ளாப்பியில் ஆரம்பிச்சது

கையில தூக்கிட்டுப் போற சேமிப்பு வழியா வைரஸ் பரவறது இன்டர்நெட்டை விடப் பழைய பழக்கம். 1982இல் ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயசுப் பையன் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு எழுதின எல்க் க்ளோனர் ஃப்ளாப்பி வழியாத்தான் பரவியது. ஒவ்வொரு ஐம்பதாவது தடவை பூட் பண்ணும்போதும் திரையில ஒரு குட்டிக் கவிதை வரும், அவ்வளவுதான் அதோட தொல்லை. 1986இல் லாகூரில் இருந்து வந்த பிரெய்ன் வைரஸ் ஐபிஎம் பிசியைப் பிடிச்சது. எழுதின சகோதரர்கள் பாசித், அம்ஜத் ஃபரூக் ஆல்வி இருவரும் வைரஸுக்குள்ளேயே தங்கள் முகவரியையும் போன் நம்பரையும் போட்டிருந்தாங்க. இன்னைக்கு யாராவது அப்படிப் பண்ணுவாங்களா?

அந்தக் கால ஃப்ளாப்பியில ஒரு நல்ல விஷயம் இருந்தது. மூலையில ஒரு சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாள். அதைத் தள்ளிவிட்டா படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. எந்த சாஃப்ட்வேரும் அதைத் தாண்ட முடியாது, ஏன்னா தடுக்கறது டிரைவ். இந்தத் தாழ்ப்பாளை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

2000ஆம் ஆண்டு சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனம் தம்ப்டிரைவை விற்க ஆரம்பிச்சது. அதே வருஷக் கடைசியில ஐபிஎம் பெயரில் டிஸ்க்ஆன்கீ வந்தது. 8 எம்பி. ஒரு ஃப்ளாப்பியில் 1.44 எம்பிதான், அதனால இதுவே அன்னைக்குப் பெரிய விஷயம். ஆனா அடுத்தடுத்து வந்த பெரும்பாலான பென்டிரைவில் அந்தத் தாழ்ப்பாள் இல்லை. காசு மிச்சம், இடம் மிச்சம்.

விண்டோஸே கதவைத் திறந்து விட்டது

இப்போ முக்கியமான வில்லன். பெயர் ஆட்டோரன். விண்டோஸ் 95இல் வந்தது. யோசனை ரொம்ப நல்லெண்ணத்தோட வந்த யோசனை: சிடியைப் போட்டா கேம் தானா ஓடணும், பயன்படுத்துறவர் எந்த ஃபைலைக் க்ளிக் பண்றதுன்னு தேடக் கூடாது. அதுக்கு சிடியில் ஆட்டோரன்.இன்ஃப் என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். "இந்தப் புரோகிராமை ஓட்டு" என்று அதுல ஒரு வரி. விண்டோஸ் அதைப் படிச்சு அப்படியே செய்யும்.

சிடியில் அது பெரிய ஆபத்து இல்லை. கம்பெனியில அச்சான சிடிக்குள்ள உங்க கம்ப்யூட்டர் வைரஸ் எதையும் எழுத முடியாது. பென்டிரைவ் அப்படி இல்லையே, எழுதறதுக்குன்னே செய்ததுதானே அது! எக்ஸ்பி காலத்தில் மை கம்ப்யூட்டரைத் திறந்து பென்டிரைவ் ஐகான் மேல டபுள் க்ளிக் பண்ணினா, விண்டோஸ் முதல்ல ஆட்டோரன்.இன்ஃபைப் பார்க்கும். அதுல என்ன எழுதியிருக்கோ அதைச் செய்யும். நீங்க ஃபோல்டரைத் திறக்கிறதா நினைச்சுட்டு இருப்பீங்க, உண்மையில வைரஸை ஓட்டிட்டு இருப்பீங்க. வைரஸ் கம்ப்யூட்டருக்குள்ள போய் உட்கார்ந்துக்கும், அடுத்து வர்ற ஒவ்வொரு பென்டிரைவிலும் தன்னையும் ஒரு ஆட்டோரன்.இன்ஃபையும் எழுதும்.

அந்தக் காலத்துப் பிரவுசிங் சென்டர் அண்ணன்கள் ஒரு வித்தை சொல்லித் தருவாங்க: "டபுள் க்ளிக் பண்ணாத தம்பி, ரைட் க்ளிக் பண்ணி ஓப்பன் கொடு." கொஞ்ச நாள் வேலை செஞ்சது. அப்புறம் வைரஸ்காரங்க ரைட் க்ளிக் மெனுவில் வர்ற ஓப்பனையும் எக்ஸ்ப்ளோரையும்கூட ஆட்டோரன்.இன்ஃப் வழியா மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் மேல அட்ரஸ் பாரில் டிரைவ் எழுத்தை டைப் பண்ணி உள்ள போறது. நானும் அப்படித்தான் வருஷக்கணக்கா பண்ணிட்டு இருந்தேன். பழக்க தோஷம், இன்னைக்கும் சில நேரம் கை அங்கதான் போகுது.

சாஃப்ட்வேர் இருந்தும் ஏன் பிடிக்கல?

நியாயமான கேள்வி: ஆன்டிவைரஸ் இருந்ததே, அது என்ன பண்ணிட்டு இருந்தது?

அன்னைய ஆன்டிவைரஸ் பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷன் போட்டோ போர்டு மாதிரி. தெரிஞ்ச குற்றவாளி முகம் போர்டில் இருந்தா பிடிக்கும். புது முகம் வந்தா விட்டுடும். அதனால தினமும் போட்டோ அப்டேட் ஆகணும், அதுக்கு இன்டர்நெட் வேணும். 2006, 2007இல் நம்ம ஊர்ல எத்தனை கம்ப்யூட்டர்ல தினமும் இன்டர்நெட் இருந்தது? காலேஜ் லேப், ஜெராக்ஸ் கடை, வீட்டு அசெம்பிள் பிசி, பலதுல இல்லவே இல்லை. இன்டர்நெட் இல்லாத இடத்துலதான் பென்டிரைவ் அதிகமா சுத்தும். ஃபைலைக் கொண்டுபோக வேற வழி கிடையாதே. அதாவது நோய் எங்க அதிகமோ, அங்கதான் தடுப்பூசி பழசு.

இந்த இடைவெளியிலதான் யுஎஸ்பிக்குன்னு தனி சாஃப்ட்வேர்கள் முளைச்சது. ஃப்ளாஷ் டிஸின்ஃபெக்டர், ஆட்டோரன் ஈட்டர், 2009இல் பாண்டா யுஎஸ்பி வாக்ஸின், அப்புறம் பிட்டிஃபெண்டர் யுஎஸ்பி இம்யூனைசர். இதுல பலது இலவசம். காசு கேட்டதும் இருந்தது.

இவை செஞ்ச வித்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பென்டிரைவில் ஆட்டோரன்.இன்ஃப் என்ற பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கி வச்சுடும். ஃபைல் இல்லை, ஃபோல்டர். ஒரே இடத்தில் ஒரே பெயரில் ஃபைலும் ஃபோல்டரும் இருக்க முடியாது. வைரஸ் வந்து தன் ஆட்டோரன்.இன்ஃபை எழுதப் பார்க்கும், "அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கு" என்று விண்டோஸ் மறுத்துடும். பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற அதே டெக்னிக்!

வைரஸ்காரங்க சும்மா இருப்பாங்களா? துண்டைத் தூக்கிப் போட்டுட்டு உட்கார ஆரம்பிச்சாங்க, அதாவது அந்த ஃபோல்டரை அழிச்சாங்க, இல்லேன்னா பெயரை மாத்தினாங்க. பதிலுக்கு இவங்க அந்த ஃபோல்டருக்குள்ள, விண்டோஸால் சாதாரணமா அழிக்க முடியாத பெயரில் இன்னொண்ணை வச்சாங்க. "விண்டோஸில் கான் என்ற பெயரில் ஃபோல்டர் உருவாக்க முடியாது, பில் கேட்ஸுக்கே காரணம் தெரியாது" என்று ஒரு ஃபார்வர்டு சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? காரணம் எல்லாருக்கும் தெரியும். கான், எல்பிடி3 மாதிரியான பெயர்கள் டாஸ் காலத்தில் கருவிகளுக்கு ஒதுக்கின பெயர்கள். அந்தப் பழைய தடையை இவங்க கேடயமா ஆக்கிட்டாங்க. பாண்டா இன்னும் ஒரு படி மேல போய், பென்டிரைவின் ஃபைல் பட்டியலிலேயே கை வச்சு அந்தப் பதிவை யாரும் அழிக்க முடியாதபடி பண்ணியது.

இதுல கவனிக்க வேண்டியது, இந்த வித்தைக்கு அப்டேட் தேவையில்லை. வைரஸ் பழசா புதுசான்னு அதுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை, அது வர்ற வழியையே அடைச்சாச்சு. அதனால 2008இல் நம்ம நேயரோட அப்பா என்னைக் கேட்டிருந்தா, "வாங்குங்க, இலவசமா கிடைக்கிறதை முதல்ல போடுங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். அன்னைக்கு அது வீண் செலவு இல்லை.

ராணுவமும் மாட்டிக்கிச்சு

இது ஏதோ நம்ம ஊர் ஜெராக்ஸ் கடைப் பிரச்சினைன்னு நினைச்சுடாதீங்க. 2008இல் மத்திய கிழக்கில் இருந்த ஒரு அமெரிக்க ராணுவ முகாமில் யாரோ ஒரு லேப்டாப்பில் பென்டிரைவ் சொருகினாங்க. அதில் இருந்த ஏஜென்ட்.பிடிஸட் என்ற வார்ம் ரகசிய நெட்வொர்க் வரைக்கும் போயிடுச்சு. சுத்தம் பண்ண எடுத்த நடவடிக்கைக்குப் பெயர் ஆபரேஷன் பக்‌ஷாட் யாங்கி. அந்த வருஷம் நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பென்டிரைவுக்கே தடை போட்டது. நிபந்தனைகளோட திரும்ப அனுமதிச்சது 2010 பிப்ரவரியில்தான். துணைப் பாதுகாப்புச் செயலர் வில்லியம் லின் 2010இல் ஒரு கட்டுரையில் இதை வெளிப்படையா எழுதினார்.

அதே 2008 கடைசியில் கான்ஃபிக்கர். முதல்ல நெட்வொர்க் ஓட்டை வழியா மட்டும் பரவிட்டு இருந்தது. டிசம்பரில் வந்த அடுத்த வடிவம் பென்டிரைவையும் சேர்த்துக்கிச்சு. அதோட ஏமாத்து வேலையைப் பாருங்க. பென்டிரைவ் சொருகினதும் ஒரு பெட்டி வருமே, "ஃபோல்டரைத் திறந்து ஃபைல்களைப் பார்" என்று, கூடவே மஞ்சள் ஃபோல்டர் படத்தோட. அதே வார்த்தை, அதே படம் போட்டு இன்னொரு வரியை மேல சேர்த்துடும். ரெண்டு வரியும் ஒரே மாதிரி இருக்கும். மேல இருக்கிறதை அமுக்கினா வைரஸ். யார் நின்னு படிச்சுப் பார்ப்பாங்க?

2009 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகராட்சியில் கான்ஃபிக்கர் புகுந்து, பஸ் லேனில் வண்டி ஓட்டினவங்களுக்கு அபராத நோட்டீஸ்கூட நேரத்துக்கு அனுப்ப முடியாமப் போச்சு. மொத்தச் செலவு சுமார் 15 லட்சம் பவுண்டு. அதுக்கப்புறம் அவங்களும் பென்டிரைவைத் தடை பண்ணாங்க.

இவ்வளவு நடந்த பிறகுதான் மைக்ரோசாஃப்ட் அசைஞ்சது. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7இல் பென்டிரைவுக்கு ஆட்டோரன் வேலை செய்யாது. ஆனா உலகம் முழுக்க எக்ஸ்பியும் விஸ்டாவும்தானே ஓடிட்டு இருந்தது? அதுகளுக்கான திருத்தத்தை, வேணும்னா போட்டுக்கோங்க என்று 2009இலேயே வச்சிருந்தாங்க. விண்டோஸ் அப்டேட் வழியா எல்லாருக்கும் தள்ளினது 2011 பிப்ரவரியில். அந்த மே மாதத்துக்குள், அவங்க கணக்குப்படியே, ஆட்டோரன் வைரஸ்களின் தொற்று முந்தைய வருஷத்தை ஒப்பிட்டா எக்ஸ்பியில் 59 சதவீதம், விஸ்டாவில் 74 சதவீதம் குறைஞ்சது.

எனக்கு இதுல கோபம் உண்டு, மறைக்கல. பத்து வருஷம் உலகம் முழுக்க மக்கள் சாஃப்ட்வேர் வாங்கினாங்க, ஃபார்மட் பண்ணாங்க, ஃபைலை இழந்தாங்க. கடைசியில தீர்வு, ஒரு வசதியை நிறுத்தி வைக்கிறது. சிடி போட்டா கேம் தானா ஓடணும் என்கிற சொகுசுக்குக் கொடுத்த விலை அது.

பூட்டை மாத்தினா, திருடன் ஜன்னலுக்குப் போனான்

ஆட்டோரன் போனதும் அந்தத் துண்டு போடற வித்தைக்கும் வேலை போச்சு. ஆனா பென்டிரைவ் வைரஸ் போகல. 2010 ஜூனில் பெலாரஸின் ஒரு சின்ன ஆன்டிவைரஸ் கம்பெனி, வைரஸ்பிளோகாடா, ஸ்டக்ஸ்நெட்டைக் கண்டுபிடிச்சது. ஈரானின் நத்தான்ஸ் அணு ஆலையில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் கெடுக்க எழுதினது. அந்த ஆலை இன்டர்நெட்டோட இணைக்கப்படாதது. அந்த மாதிரி இடத்துக்குள்ள போகத்தான் பென்டிரைவ் வழி.

ஸ்டக்ஸ்நெட்டின் 2009 வடிவம் ஆட்டோரன் வித்தையைத்தான் வச்சிருந்தது. 2010 வடிவம் அதை விட்டுட்டு ஷார்ட்கட் ஃபைல் காட்டற முறையில் இருந்த ஓட்டையைப் பிடிச்சது. பென்டிரைவைத் திறந்து ஐகான்களைப் பார்த்தாலே போதும், எதையும் க்ளிக் பண்ண வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஆகஸ்ட் 2ஆம் தேதி அவசரத் திருத்தம் வெளியிட்டது. அந்த வருஷம் சிமான்டெக் கணக்கெடுத்தப்போ சுமார் ஒரு லட்சம் கம்ப்யூட்டரில் அது இருந்தது. அதுல 60 சதவீதம் அளவுக்கு ஈரானில். அடுத்த ரெண்டு இடம் இந்தோனேசியாவுக்கும் இந்தியாவுக்கும். நாம குறி இல்லை, ஆனா நம்ம பென்டிரைவ் பழக்கம் அப்படி.

இதுல பாடம் என்னன்னு பார்த்தா, ஆட்டோரன்.இன்ஃப் ஃபோல்டர் வச்சிருந்த பென்டிரைவாலும் 2010 ஸ்டக்ஸ்நெட்டைத் தடுத்திருக்க முடியாது. ஒரு வழியை மட்டும் அடைக்கிற கருவி, அந்த வழி இருக்கிற வரைக்கும்தான்.

அப்புறம் வந்தது நமக்கு எல்லாம் நல்லாத் தெரிஞ்ச ஷார்ட்கட் வைரஸ். உங்க ஃபோல்டரை எல்லாம் மறைச்சுட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். நீங்க க்ளிக் பண்ணா வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும், சந்தேகமே வராது. அந்த ஆய்வேட்டு மாணவிக்கு நடந்ததும் அநேகமா இந்த ரகம்தான். ஃபைல் அழிஞ்சிருக்காது, மறைஞ்சுதான் இருந்திருக்கும். அட்ரிப் என்று ஒரு கமாண்ட் அடிச்சிருந்தா திரும்ப வந்திருக்கும். அந்த நேயர்கிட்ட இதைச் சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கடையில அன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு உதவி பண்றோம்னு பென்டிரைவை ஃபார்மட் பண்ணிக் கொடுத்தது அவங்க அப்பாதானாம்.

இப்போ என்ன நிலைமை?

இன்னைக்கு ஆன்டிவைரஸ் ரெண்டு விதத்தில் மாறியிருக்கு. விண்டோஸ் 8இல் இருந்து டிஃபெண்டர் கூடவே வருது, தனியா வாங்க வேண்டாம். போட்டோ போர்டு மட்டும் பார்க்காம, புரோகிராம் என்ன பண்ணுதுன்னும் பார்க்குது. ஒரு ஃபைல் திறக்கப்படும்போது அது சி டிரைவில் இருந்து வந்ததா, பென்டிரைவில் இருந்து வந்ததா என்பது அதுக்கு ஒண்ணுதான். அதனால யுஎஸ்பிக்குன்னு தனியா ஒரு கண் தேவைப்படல. ரெண்டு சாஃப்ட்வேர் ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் பிடிச்சு இழுத்தா மெஷின் மந்தமாகறதுதான் மிச்சம்.

ஆபத்து போயிடலை. 2021இல் கண்டுபிடிக்கப்பட்ட ராஸ்பெர்ரி ராபின், பென்டிரைவில் ஒரு ஷார்ட்கட்டா உட்கார்ந்து பரவற வார்ம்தான். 2023இல் செக் பாயின்ட் ஒரு சம்பவத்தை வெளியிட்டது. ஐரோப்பிய மருத்துவமனை ஒன்றின் ஊழியர் ஆசியாவில் ஒரு மாநாட்டுக்குப் போய், தன் ப்ரெசன்டேஷனைப் பென்டிரைவில் மற்றவர்களோட பகிர்ந்துக்கிட்டார். அதில் ஒருத்தர் கம்ப்யூட்டரில் வைரஸ். ஊருக்குத் திரும்பி மருத்துவமனையில் சொருகினதும் அங்கேயும் பரவிடுச்சு.

அந்த வைரஸில் ஒரு விஷயம் நம்ம கேள்விக்கு நேரடியான பதில். இந்தோனேசியாவில் ஸ்மாடாவ் என்று ஒரு ஆன்டிவைரஸ் இருக்கு. "உங்க வழக்கமான ஆன்டிவைரஸோட கூடுதலா வச்சுக்கோங்க, பென்டிரைவை நான் பார்த்துக்கறேன்" என்பதுதான் அதோட விற்பனை வாசகத்தின் சாரம். தென்கிழக்கு ஆசியாவில் ரொம்பப் பிரபலம். மேலே சொன்ன வைரஸை எழுதினவங்க, ஸ்மாடாவ் இருக்கான்னு பார்த்து அதைத் தாண்டிப் போறதுக்குத் தனியா ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. வேறு சில தாக்குதல்களில் ஸ்மாடாவின் உண்மையான புரோகிராம் ஃபைலையே முகமூடியா வச்சு, பின்னாடி தங்கள் வைரஸை ஏத்தினாங்க. வாட்ச்மேன் யூனிஃபார்ம் போட்ட திருடன். இது ஸ்மாடாவோட தப்புன்னு சொல்ல மாட்டேன், பெரிய கம்பெனி ஃபைல்களுக்கும் இதே கதி நடந்திருக்கு. ஆனா கூடுதலா ஒரு சாஃப்ட்வேர் என்றால் கூடுதலா ஒரு கதவும்தான்.

இன்னொரு பக்கம், எந்த சாஃப்ட்வேராலும் முடியாத ரகம் ஒண்ணு இருக்கு. 2014இல் பெர்லினைச் சேர்ந்த கார்ஸ்டன் நோலும் யாகோப் லெல்லும் பேட்யுஎஸ்பி என்று ஒன்றைக் காட்டினாங்க. பென்டிரைவுக்குள்ள இருக்கிற குட்டிச் சிப்பின் நிரலையே மாத்தி, "நான் ஒரு கீபோர்டு" என்று கம்ப்யூட்டர்கிட்ட சொல்ல வைக்கிறது. அப்புறம் அதுவே கமாண்ட் டைப் பண்ணும். ஸ்கேன் பண்ண அதுல ஃபைலே இல்லையே. "யுஎஸ்பி வழியா வர்ற எல்லாத்துக்கும் நூறு சதவீதம் பாதுகாப்பு" என்று யாராவது பிரசுரம் நீட்டினா, இதைக் கேளுங்க.

ஜெராக்ஸ் கடைக்கு வருவோம்

நேயர்கிட்ட திரும்பப் பேசினேன். மூணு மெஷினில் ரெண்டு புது விண்டோஸ், இன்டர்நெட்டோட. அதுக்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம்னு சொன்னேன். அப்டேட்டைத் தள்ளிப் போடாம விடுறது, ஃபைல் பெயரின் வால் தெரியற மாதிரி அமைப்பை மாத்தறது, அட்மின் இல்லாத அக்கவுன்டில் வேலை பார்க்கறது. டிஃபெண்டரில் யுஎஸ்பியில் இருந்து கையெழுத்தில்லாத புரோகிராம் ஓடக் கூடாதுன்னு ஒரு விதியே இருக்கு, அதைப் போட்டுக்கலாம். பிரிண்ட் கடைக்கு வர்றவங்க யாரும் பென்டிரைவில் இருந்து புரோகிராம் ஓட்ட வரலையே.

மூணாவது மெஷின்தான் வில்லங்கம். விண்டோஸ் 7. பெரிய சைஸ் பிரிண்டருக்கான டிரைவர் அதுலதான் வேலை செய்யுதாம். இன்டர்நெட் இல்லை, 2020 ஜனவரியோட அதுக்கு இலவச அப்டேட்டும் நின்னாச்சு. அது இன்னும் 2008லயே வாழ்ந்துட்டு இருக்கு. அங்க தனி யுஎஸ்பி சாஃப்ட்வேருக்கு ஒரு நியாயம் இருக்கு என்றுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம் யோசிச்சா, வாடிக்கையாளர் பென்டிரைவை அதுல சொருகாம இருக்கறதே சுலபம். புது மெஷினில் ஃபைலைத் திறந்து பார்த்து, பிடிஎஃப் ஆக்கி, கடைக்குன்னே வச்சிருக்கிற ஒரே பென்டிரைவில் கொண்டுபோனா போதும். எழுதறதைத் தடுக்கிற பொத்தான் உள்ள பென்டிரைவ் இன்னும் விற்குது, தேடணும். ஃப்ளாப்பி மூலையில பார்த்தோமே, அதே தாழ்ப்பாள். ஃபைலை ஏத்தினதும் பொத்தானைத் தள்ளிட்டா, பழைய மெஷினில் என்ன இருந்தாலும் இதுக்குள்ள எழுத முடியாது. அங்க இருக்கிற நோய் அங்கேயே நின்னுடும்.

"பாதிப் பேர் இப்போ வாட்ஸ்அப்லதான் அனுப்புறாங்க அண்ணா" என்றாங்க நேயர். கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் எத்தனை பேரோட ஆதார் கிடக்குன்னு கேட்டேன். எண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேன்னாங்க. இன்னும் எண்ணிட்டு இருக்காங்கன்னு நினைக்கிறேன். பதில் வந்தா அதுக்குத் தனியா ஒரு எபிசோடு போடலாம்.